மூன்றாம் தரத்துக்குப் பிறகு: கோர்ட் ஏலப் பணம் எங்கே போகிறது?

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்." ஏலம் என்றதும் நம் காதில் ஒலிப்பது இதுதான். சினிமாவிலும் காட்சி அங்கேயே முடிந்துவிடும். சொத்தை இழந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், ஏலம் எடுத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார், அவ்வளவுதான். உண்மையான கோர்ட் ஏலத்தில் பணத்தின் பயணம் அந்த மூன்றாம் தரத்துக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. பணத்தை யார் வாங்குகிறார், அது எந்தக் கணக்கில் ஏறுகிறது, எத்தனை நாள் அங்கே கிடக்கிறது, கடைசியில் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. அதில் கை வைக்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

இந்தக் கட்டுரை இந்தியாவின் சிவில் நீதிமன்றங்கள், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி நடத்தும் ஏலங்களைப் பற்றியது. வங்கிகள் நாளிதழில் விளம்பரம் கொடுத்துத் தாங்களே நடத்தும் ஏலம் வேறு சட்டத்தில் வருகிறது, அதை இங்கே தொடவில்லை. இன்னொன்று: உயர் நீதிமன்றங்கள் தங்கள் மாநிலத்துக்கு ஏற்றபடி இந்த விதிகளில் சிலவற்றைத் திருத்திக்கொள்ள முடியும். எனவே உங்கள் ஊர் வழக்குக்கு நாள் கணக்குப் பார்க்கும்போது வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்கள். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்தால் கிடைக்கும் தீர்ப்பாணைதான் டிக்ரி. டிக்ரி கையில் இருப்பதாலேயே பணம் வந்துவிடாது. அதை நிறைவேற்றித் தரும்படி போடும் மனுவைக் கோர்ட் வட்டாரத்தில் ஈ.பி. என்பார்கள். அதன்பேரில் கடனாளியின் சொத்து ஜப்தி ஆகும். அப்புறம் விற்பனை அறிவிப்பு வரும். சொத்தின் விவரம், அதன்மேல் உள்ள வில்லங்கம், வசூலிக்க வேண்டிய தொகை, இரு தரப்பும் சொல்லும் மதிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அசையாச் சொத்தானால் அறிவிப்பைக் கோர்ட்டில் ஒட்டிய நாளிலிருந்து குறைந்தது 15 நாள் கழித்தே ஏலம் விடலாம். ஏலத்தை நடத்துபவர் பெரும்பாலும் கோர்ட் ஊழியர், அதாவது அமீனா. மேற்கொண்டு கணக்கு வழக்கு, கோர்ட்டின் பண வரவு செலவைப் பார்க்கும் நாசர் பிரிவில்.

சரி, ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து டிக்ரித் தொகை 8 லட்சம். கடனாளியின் நிலம் 20 லட்சத்துக்கு ஏலம் போகிறது.

ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே 25 சதவீதம், அதாவது 5 லட்சம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உடனே மறு ஏலம். மீதி 15 லட்சத்தை ஏலம் நடந்த நாளிலிருந்து 15ஆவது நாள் கோர்ட் மூடுவதற்குள் கட்ட வேண்டும். 1954இல் மணிலால் மோகன்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த இரண்டு விதிகளும் கட்டாயம். பணம் கட்டவில்லை என்றால் சட்டத்தின் பார்வையில் விற்பனையே நடக்கவில்லை. கட்டிய முன்பணத்தையும், ஏலச் செலவு போக, அரசுக்குப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்த இரண்டு தொகைகளும் போய்ச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். சட்டத்தின் 21ஆம் ஆணையில் உள்ள 85ஆவது விதி 15 லட்சத்தைக் 'கோர்ட்டில்' கட்டச் சொல்கிறது. 84ஆவது விதி 5 லட்சத்தை 'ஏலத்தை நடத்தும் அலுவலரிடம்' கட்டச் சொல்கிறது. அதாவது ஒரு மனிதர் கையில். வண்டி, இயந்திரம், நகை போன்ற அசையும் பொருள்களின் ஏலத்திலும் விலை அந்த இடத்திலேயே அலுவலர் கைக்குத்தான் வரும். மூன்றாவதாக இன்னொரு தருணமும் உண்டு. ஏலம் முடிவதற்கு முன் கடனாளியே ஓடி வந்து கடனையும் செலவையும் அலுவலரிடம் கொடுத்தால் ஏலம் நின்றுவிடும். சட்டம் எழுதப்பட்ட காலத்துக்கு இதெல்லாம் பொருத்தம்தான். தண்டோரா போட்டு, வயல் வரப்பில் நின்று நடத்திய ஏலத்தில் வேறு யாரிடம் கொடுப்பது? ஆனால் பணம் கோர்ட் கணக்கில் ஏறாமல் ஒரு தனி மனிதரின் பையில் இருக்கும் நேரம் என்று ஒன்று அங்கே உருவாகிவிடுகிறது. சில மணி நேரமாக இருந்தால் பரவாயில்லை. சில நாள், சில வாரம் என்று நீளும்போதுதான் சிக்கல்.

பணம் தூங்கும் காலம்

20 லட்சமும் வந்துவிட்டது. உடனே டிக்ரிதாரருக்கு 8 லட்சத்தைக் கொடுத்துவிடலாமா? பொதுவாக முடியாது. சட்டமே பணத்தைக் காத்திருக்க வைக்கிறது.

கடனாளிக்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாளுக்குள் அவர் அறிவிப்பில் கண்ட 8 லட்சத்தையும், ஏலம் எடுத்தவருக்கு ஆறுதலாக விலையில் 5 சதவீதத்தையும், அதாவது 1 லட்சத்தையும் கட்டிவிட்டால் ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இது 89ஆவது விதி. அல்லது, ஏலத்தில் மோசடியோ பெரிய முறைகேடோ நடந்தது, அதனால் எனக்குக் கணிசமான நஷ்டம் என்று 90ஆவது விதியில் மனு போடலாம். இந்த மனுக்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் விற்பனை உறுதி செய்யப்படும், ஏலம் எடுத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். மேல்முறையீடு என்று போனால் வருடங்கள் ஓடும். அதுவரை 20 லட்சம் சிவில் கோர்ட் டெபாசிட்டில் கிடக்கும். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டாலொழிய, அந்தத் தொகை பொதுவாக வட்டியில்லாமல் தூங்கும்.

இந்தத் தூக்கத்தில் யார் அதைக் காவல் காக்கிறார்கள் என்று பாருங்கள். கடனாளியைப் பொறுத்தவரை நிலம் போய்விட்டது, மனம் வெறுத்துவிட்டது. டிக்ரிதாரர் "வக்கீல் கூப்பிடுவார்" என்று இருப்பார். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது சான்றிதழும் சொத்தும், பணம் அவர் கையைவிட்டுப் போன கதை. ஆக, மூன்று பேர் சம்பந்தப்பட்ட பணம், தினமும் விசாரிப்பவர் ஒருவர்கூட இல்லை. வங்கிக் கணக்கில் 500 ரூபாய் குறைந்தால் மறுநாளே கிளை மேலாளரின் மேஜையைத் தட்டும் நாம், கோர்ட்டில் கிடக்கும் லட்சங்களைப் பற்றிக் கேட்பதில்லை. கோர்ட்டில்தானே இருக்கிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை நியாயமானதுதான், ஆனால் அது கண்காணிப்புக்கு மாற்று ஆகாது.

இதிலும் அநாதையான தொகை ஒன்று உண்டு. 20 லட்சத்தில் டிக்ரிக்கு 8 லட்சமும் கோர்ட் பிடித்தங்களும் போனால், மீதி கிட்டத்தட்ட 12 லட்சம் யாருடையது? கடனாளியுடையது. வேறு கடன்காரர்கள் அதன்மேல் உரிமை கோராவிட்டால் அவர் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது. 'ஏலத்தில் போச்சு' என்றால் எல்லாம் போச்சு என்று நினைத்து ஊரைவிட்டே போய்விடுகிறவர்கள் உண்டு. உரியவருக்கே தெரியாத பணம் காணாமல் போனால் புகார் எங்கிருந்து வரும்? குறிப்பிட்ட ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் காலாவதியாகி அரசுக் கணக்குக்குப் போய்விடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்போதும் உரியவர் உத்தரவு பெற்றுத் திரும்ப வாங்க வழி உண்டு, ஆனால் அலைச்சல் அதிகம்.

8 லட்சக் கடனுக்கு 20 லட்சம் நிலத்தை முழுசாக ஏன் விற்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அது மிகச் சரியான கேள்வி. டிக்ரியைத் தீர்க்கத் தேவையான பகுதியை மட்டும் விற்க 64ஆவது விதி வழி வைத்திருக்கிறது. 1989இல் அம்பட்டி நரசய்யா வழக்கில், இது நீதிமன்றம் விரும்பினால் செய்யும் காரியமல்ல, அதன் கடமை என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதி நிலத்தை விற்றிருந்தால் உபரி ஏறக்குறைய 2 லட்சம்தான், ஆபத்தும் அந்த அளவுக்குத்தான்.

கை வைப்பது எப்படி நடக்கிறது

முறைகேடு என்றதும் பெட்டியை உடைத்துப் பணத்தை அள்ளுவது போல நினைக்கிறோம். நடப்பது அதைவிடச் சாதுவானது. வாங்கிய பணத்தைக் கருவூலத்தில் கட்டாமல் சில நாள் 'கைமாற்றாக' வைத்துக்கொள்வதில் தொடங்கும். திருப்பிக் கட்ட முடியாதபோது, அடுத்த ஏலத்தில் வரும் பணத்தை வைத்துப் பழைய ஓட்டையை அடைப்பார்கள். ஓட்டை நகர்ந்துகொண்டே போகும், பெரிதாகிக்கொண்டும் போகும். சலானில் போலி முத்திரை, ரசீதில் ஒரு தொகை அடிக்கட்டையில் வேறு தொகை, பதிவேட்டில் அந்த வரியையே விட்டுவிடுவது எல்லாம் இந்த ஓட்டையை மறைக்கப் போடும் திரைகள்.

பணம் வெளியே போகும் வாசலிலும் இதே கதைதான். டெபாசிட்டிலிருந்து தொகை பெற செக் மனு போட வேண்டும். இறந்துபோன டிக்ரிதாரரின் பெயரில் போலி வக்காலத்து, ஆள்மாறாட்டம், ஒரே தொகைக்கு இரண்டு முறை உத்தரவு என்று எந்தச் சிவில் டெபாசிட்டிலும் நடக்கக்கூடிய தவறுகள் இங்கும் நடக்கலாம்.

இன்னொரு வகை எனக்கு இவற்றைவிட ஆபத்தாகப் படுகிறது. அதில் ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகாது, தேதி மட்டும் மாறும். மேலே சொன்ன 15ஆவது நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆவது நாள் பணம் கட்டியவருக்கு 15ஆவது நாள் கட்டியதாக ஒரு முத்திரை விழுந்தால் போதும், செத்துப்போன விற்பனை உயிர் பெற்றுவிடும். இன்னொரு இடம், சட்டத்தின் 73ஆவது பிரிவு. ஒரே கடனாளிமேல் பல பேருக்கு டிக்ரி இருந்தால், ஏலப் பணம் கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்கு முன் மனு போட்டவர்கள் அனைவரும் விகிதப்படி பங்கு பெறலாம். ஒருவருக்கு 6 லட்சம், மற்றவருக்கு 3 லட்சம் வரவேண்டியிருந்து, செலவு போகக் கையில் 6 லட்சம்தான் இருந்தால், முதலாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 2. பணம் வந்த நாளைப் பதிவேட்டில் இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளினால் இரண்டாமவர் 'தாமதமாக வந்தவர்' ஆகிவிடுவார், முதலாமவருக்கு முழு 6 லட்சமும் போகும். மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், தணிக்கையிலும் தேறும். தவறானவருக்குப் பணம் போயிருந்தால், உரியவர் வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெறலாம் என்று அதே 73ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தேதி மாறியது தெரிந்தால்தானே வழக்கு?

ஏலம் நடத்தும் ஊழியரே பினாமி வைத்து ஏலம் கேட்பதை 73ஆவது விதி நேராகத் தடுக்கிறது. (மேலே சொன்னது 73ஆவது பிரிவு, இது 21ஆம் ஆணையின் 73ஆவது விதி. இந்த எண் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) அந்த ஏலத்தில் ஏதாவது பணி உள்ள யாரும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, சொத்தில் எந்த உரிமையும் வாங்கக் கூடாது. அரசு ஊழியர் இப்படிச் சட்டவிரோதமாக ஏலம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 203ஆவது பிரிவில் தனிக் குற்றம். பணத்தைக் கையாடினால் 316ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு வரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409. ஆயுள் தண்டனை வரை போகலாம், அல்லது பத்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டமும் சேரும். ஆக, இது நடப்பது தண்டனை இல்லாததால் அல்ல.

கண்காணிப்பு எங்கே தூங்குகிறது

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா" என்று சொல்லித் தோளைக் குலுக்கிக்கொள்வது நம் வழக்கம். கோர்ட் கணக்கு முறையை வகுத்தவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. அரசியலமைப்பின் 227ஆவது பிரிவு, தனக்குக் கீழுள்ள நீதிமன்றங்களை மேற்பார்க்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது. அந்த நீதிமன்றங்களின் அலுவலர்கள் புத்தகங்களையும் பதிவுகளையும் கணக்குகளையும் எந்தப் படிவத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் அதில் எழுதியே இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியலமைப்பு கணக்குப் புத்தகத்தின் படிவம் வரை இறங்கிப் பேசுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ரசீதுப் புத்தகம், ரொக்கப் புத்தகம், டெபாசிட் பதிவேடு, நீதிபதியின் கையொப்பம், மாவட்ட நீதிபதியின் ஆண்டு ஆய்வு, கணக்குத் தணிக்கை என்று அடுக்கடுக்காக வேலி இருக்கிறது.

வேலி இருந்தும் ஏன் நடக்கிறது? என் கணிப்பில், பார்க்கும் எல்லாரும் ஒரே ஆள் எழுதிய தாள்களையே பார்க்கிறார்கள். ரொக்கப் புத்தகத்தை எழுதியவர், அதிலிருந்து சுருக்கம் எடுத்தவர், கையொப்பத்துக்குக் கொண்டுபோய் வைத்தவர் ஒருவரே என்றால், எத்தனை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டாலும் அது ஒரே ஆளின் சாட்சிதான். நீதிபதி காலையிலிருந்து மாலை வரை வழக்கு கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு கட்டுப் பதிவேடுகளில் கையெழுத்துப் போடுகிறார். கூட்டல் சரியா என்று பார்க்கலாம். ஆனால் விடுபட்ட வரி கூட்டலில் தெரியாது. இல்லாததை எப்படிப் பார்ப்பது?

அதற்கு வேறு இடத்தில், வேறு கையால் எழுதிய தாள் வேண்டும். ஏலம் நடந்த நாள் அறிக்கை ஈ.பி. கட்டில் இருக்கிறது. பணம் வந்த விவரம் கருவூலத்திலோ வங்கியிலோ இருக்கிறது. இந்த மாதம் எத்தனை ஏலம் முடிந்தது, அத்தனைக்கும் 25 சதவீதம் கருவூலத்தில் ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால் ஓட்டை பல்லிளிக்கும். மாதாமாதம் செய்ய வேண்டிய இந்த ஒத்திசைவு வேலைதான் எல்லா இடத்திலும் முதலில் தேங்கும் வேலை. சலிப்பானது, பாராட்டுக் கிடைக்காதது, ஒரு மாதம் விட்டால் மறுமாதம் இரட்டிப்பாகும். நாளை ஆய்வு என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரே இரவில் பதிவேடுகள் நிரம்பிவிடும். ஒரே மேஜையில் பல ஆண்டு இருப்பவர், விடுப்பே எடுக்காதவர், 'அவரைக் கேட்டால்தான் தெரியும்' என்று பெயர் வாங்கியவர் எல்லாரும் நாணயமானவர்களாக இருக்கலாம். ஆனாலும் அந்த மேஜையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பல நீதிமன்றங்களில் இணையவழி நேரடியாகப் பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. கைப்பணம் குறைவதால் ஒரு பெரிய ஓட்டை அடைபடும். பணம் வெளியே போகும் வாசலில் ஆள்மாறாட்டத்தை அது தடுக்காது.

காணாமல் போனால் நஷ்டம் யாருக்கு

கோர்ட்டின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்பது பழைய கொள்கை. ஜங் சிங் வழக்கு இதற்கு அழகான எடுத்துக்காட்டு. நீதிமன்றம் விதித்த நாளுக்குள் அவர் பணம் கட்டினார். ஆனால் கோர்ட் ஊழியர் தயாரித்துக் கொடுத்த சலானில் ஒரு ரூபாய் குறைவு. அந்த ஒரு ரூபாய்க்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் உச்ச நீதிமன்றம் ஜங் சிங் பக்கம் நின்றது. எனவே ஏலம் எடுத்தவர் உரிய அலுவலரிடம் உரிய ரசீது பெற்று 5 லட்சம் கொடுத்திருந்தால், அலுவலர் அதைக் கட்டாமல் போனது அவர் குற்றமல்ல என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால் அந்த இடம் இல்லை.

அரசிடமிருந்து நஷ்ட ஈடு வாங்குவது இன்னும் கரடுமுரடான பாதை. ஏலப் பணமில்லை என்றாலும் மூன்று வழக்குகள் நினைவில் வைக்க வேண்டியவை. 1947இல் மீரட்டில் போலீஸ் பிடித்து வைத்த தங்கத்தைக் கருவூலத்துக்கு அனுப்பாமல் காவல் நிலையக் கிடங்கிலேயே வைத்தார்கள். அங்கிருந்த தலைமைக் காவலர் அதோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். அலட்சியம் நடந்ததை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனாலும் அது அரசின் இறையாண்மைப் பணி, எனவே நஷ்ட ஈடு கிடையாது என்றது. படித்தவர்கள் இன்றும் முகம் சுளிக்கும் தீர்ப்பு. பிறகு 1967இல் குஜராத் அரசுக்கும் மேமன் மஹோமதுக்கும் நடந்த வழக்கில், பறிமுதல் செய்த வண்டிகளைத் தகராறு முடியும் முன்பே ஏலம் விட்டுவிட்ட அரசு, பொருளைப் பாதுகாக்கும் கடமையில் தவறியதால் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. 1977இல் பசவ்வா வழக்கில், காவலில் இருந்து காணாமல் போன நகைகளின் மதிப்பைப் பணமாகக் கொடுக்க உத்தரவாயிற்று. காற்று மெல்ல மெல்லப் பொருளைப் பறிகொடுத்தவர் பக்கம் திரும்பியிருக்கிறது.

நீங்கள் இதில் எந்தப் பக்கத்தில் நின்றாலும் கேட்கக்கூடியவை சில உண்டு. ஏலம் எடுப்பவரானால், 25 சதவீதத்தைக் கேட்பு வரைவோலையாகவோ கணக்கில் நேரடியாகவோ கட்ட முடியுமா என்று ஏலத்துக்கு முந்தைய நாளே விசாரியுங்கள். கட்டிய சலானின் எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும். டிக்ரிதாரரானால், கட்டிய தொகை எந்த டெபாசிட் எண்ணில் எந்தத் தேதியில் ஏறியது என்பதற்கு நகல் மனு போடுங்கள். தொகை பெரிதாகவும் வழக்கு நீளும் போலவும் இருந்தால், அதை நிரந்தர வைப்பில் போடும்படி மனு கொடுக்கச் சொல்லுங்கள். சொத்தை இழந்தவரானால், வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, என் நிலம் எவ்வளவுக்குப் போச்சு, கடன் போக மீதி எங்கே இருக்கு?"